குச்சிக்குள் இருக்கும் வேர்

பொங்கலுக்கு வாங்கிய கரும்பில் ஒரு துண்டு மிச்சம் இருந்தால், கடிப்பதற்கு முன் அதன் கணுவை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தோகை உரிந்த வடுவுக்குச் சற்று மேலே, கரும்பைச் சுற்றி அரை விரற்கடை அகலத்தில் ஒரு பட்டை ஓடும். அதற்குள் குண்டூசித் தலையளவில் வெளிறிய புள்ளிகள், இரண்டு மூன்று வரிசையாக. அந்த வரிசைகளுக்கு இடையே ஓரிடத்தில் முக்கோணமாக ஒரு பரு. பருவை எல்லோருக்கும் தெரியும், முளை அதிலிருந்துதான் வரும். புள்ளிகளைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அவை ஒவ்வொன்றும் ஒரு வேர். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, என்றாவது ஒருநாள் தன்னைத் துண்டு போட்டுப் புதைப்பார்கள் என்று தெரிந்ததுபோல, கணுவுக்குக் கணு வேரைத் தயாராக வைத்திருக்கிறது. கரணையை ஈரமண்ணில் பதித்தால் சில நாள்களில் அந்தப் புள்ளிகள் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக நீண்டுவிடும்.

ரோஜாக் குச்சியில் அப்படி ஒரு புள்ளியும் கிடையாது. பிளந்து பார்த்தாலும் தெரியாது. ஆனாலும் மழை பிடித்த நாளில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கிவந்து ஊன்றினால், பத்தில் நான்கைந்தாவது துளிர்க்கிறது. ஒரு மாதம் கழித்து மெதுவாகப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் நூல் நூலாக வேர். இல்லாத வேர் எங்கிருந்து வந்தது? அதைச் சீக்கிரம் வரவைக்கலாம் என்று சாணி, இளநீர், தேன், கற்றாழை, பஞ்சகவ்யம், கடற்பாசிச் சாறு என எத்தனையோ பொருள்களைக் குச்சியின் அடியில் தடவிப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் எது உண்மையிலேயே வேரை வரவழைக்கிறது, எது பக்கத்தில் நின்று பெயர் வாங்குகிறது என்பது சுவையான விசாரணை.

குச்சி ஊன்றும் இந்த வேலைக்கு நம் பேச்சில் பயிருக்கு ஒரு சொல் இருக்கிறது. முருங்கை, பூவரசு, கிளுவை என்றால் போத்து. கரும்பென்றால் கரணை. மரவள்ளிக்குக் குச்சி. மல்லிகைக்குப் பெரும்பாலோர் பதியன் என்பார்கள். கிளையை வெட்டாமல் வளைத்து மண்ணுக்குள் புதைப்பதற்கும் அதே பெயர்தான். கல்யாணப் பந்தலில் கல்யாண முருங்கைக் கிளையை நட்டு, சடங்கு முடிந்ததும் அதைத் தோட்டத்தில் ஊன்றிவைக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. தளிர்த்தால் குடும்பமும் தழைக்கும் என்று நம்பிக்கை. தழைக்காமல் போக வாய்ப்பு குறைவான மரமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறினால் வழவழப்பாக ஒரு பச்சை அடுக்கு தெரியும். அதற்கும் உள்ளே இருக்கும் கட்டைக்கும் நடுவே, கண்ணால் பிரித்தறிய முடியாத மெல்லிய படலமாக, ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரியும் செல்கள் இருக்கின்றன. கேம்பியம் என்பது அதன் பெயர். மரம் பருப்பது இந்தப் படலத்தால்தான். குச்சி வெட்டுப்பட்ட சில நாள்களில், இந்தப் படலத்தை ஒட்டியும் இலையிலிருந்து சர்க்கரை இறங்கும் குழாய்களை ஒட்டியும் உள்ள ஒருசில செல்கள் அதுவரை பார்த்துவந்த வேலையைக் கைவிடுகின்றன. பிரிகின்றன, குவிகின்றன, ஒரு முனையும் அதன்மேல் ஒரு தொப்பியும் கொண்ட வேராக உருமாறுகின்றன. பிறகு பட்டையைத் துளைத்து வெளியே வருகின்றன. தண்டாக வாழ்ந்துகொண்டிருந்த செல் வேராகிவிட்டது. அறுந்து விழுந்த விரலிலிருந்து ஒரு முழு ஆள் முளைத்து எழுந்தால் நமக்கு எப்படி இருக்கும்? செடிகள் அதைத் தினமும் செய்கின்றன, நாமும் பழகிப்போய் வியப்பதை விட்டுவிட்டோம்.

அந்தச் செல்லுக்கு ‘வேராகு’ என்று சொல்வது யார்? சொல்வது செடியேதான். குருத்திலும் இளம் இலைகளிலும் ஆக்சின் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கைமாறி, மணிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வேகத்தில், தண்டின் வழியே வேரை நோக்கி இறங்குகிறது. தண்டை வெட்டியதும் வழி அடைபடுகிறது. கடைமடையை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதுபோல வெட்டுவாயில் ஆக்சின் தேங்குகிறது. காயம் பட்ட தகவலும் வேதிப்பொருள்களாகப் பரவிச் சேர்ந்துகொள்கிறது. தேங்கிய அளவு ஒரு கட்டத்தைத் தாண்டியதும், பக்கத்திலிருக்கும் செல்கள் வேலை மாறுகின்றன.

ஆக்சின் இறங்குவது குருத்திலிருந்து வேரை நோக்கி மட்டுமே. குச்சியை எப்படித் திருப்பினாலும் அதற்கு அடி எது, தலை எது என்பது மறக்காது. ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோக்டிங் என்ற தாவரவியலாளர் வில்லோ மரக்குச்சிகளை ஈரக்காற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்து 1878-இல் எழுதினார். மேலே போய்விட்ட அடிமுனையில்தான் வேர் வந்தது, கீழே தொங்கிய தலைமுனையில் துளிர் வந்தது. நம் விவசாயிகள் அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் தலைப்பக்கத்தை நேராகவும் வெட்டுவதற்குப் பின்னால் இதே அறிவு இருக்கிறது. நூறு குச்சியைக் கட்டாகக் கட்டித் தூக்கிவந்து அவிழ்த்தால் எது அடி, எது தலை என்று யாருக்குத் தெரியும்? சாய்வு வெட்டு சொல்லிவிடும்.

ஆக்சினைக் கண்டுபிடித்த கதையைக் கொஞ்சம் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும், புல் நாற்றின் நுனிக்கு ஒளி புகாத குல்லாய் போட்டால் அது வெளிச்சத்தை நோக்கி வளைவதில்லை என்று கண்டு 1880-இல் எழுதினார்கள். நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே போகிறது என்பது அவர்கள் முடிவு. நெதர்லாந்தில் ஃபிரிட்ஸ் வெண்ட் 1926-இல் ஓட்ஸ் நாற்றின் நுனிகளைக் கிள்ளி அகர் துண்டின்மேல் வைத்தார். அகர் என்பது கடற்பாசியிலிருந்து எடுப்பது; நோன்பு திறக்கும் நேரத்தில் வெட்டி வைக்கிறார்களே கடல்பாசி, அதேதான். நுனிகளை எடுத்துப் போட்டுவிட்டு, வெறும் அகர் துண்டை நுனியிழந்த நாற்றின் ஒரு பக்கத்தில் வைத்தார். நாற்று வளைந்தது. அந்த ‘ஏதோ ஒன்று’ அகருக்குள் இறங்கியிருந்தது.

அதைத் தனியே பிரித்தெடுக்க நாற்று நுனியில் கிடைக்கும் அளவு போதாது. உட்ரெக்ட் நகர வேதியியலாளர் ஃபிரிட்ஸ் கோகல் வேறிடத்தில் தேடினார். மனிதச் சிறுநீரில். நாம் சாப்பிடும் செடிகளின் பொருள்களும், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குபவையும் வெளியேறும் இடம் அதுதானே. அவர் குழு முதலில் ஆக்சின்-ஏ, ஆக்சின்-பி என்று இரண்டைக் கண்டதாக அறிவித்தது. 1934-இல் மூன்றாவதாக ஒன்றைச் சிறுநீரிலிருந்தே பிரித்தது: இண்டோல் அசிட்டிக் அமிலம். வேடிக்கை என்னவென்றால், முதலிரண்டை வேறு யாராலும் மறுபடி எடுக்க முடியவில்லை. பத்திரப்படுத்தியிருந்த மாதிரிகளை 1966-இல் சோதித்தபோது அவை சொன்ன பொருள்களே அல்ல என்று தெரிந்தது. கடைசியாக வந்த மூன்றாவதுதான் மெய். அதுவும் புதுப் பொருள் அல்ல. சால்கோவ்ஸ்கி என்ற சகோதரர்கள் 1885-இலேயே அழுகிய புரதத்தில் அதைக் கண்டிருந்தார்கள். செடியோடு அதற்கு இருக்கும் தொடர்புதான் அப்போது யாருக்கும் தெரியவில்லை. கோமியத்தில் குச்சியை முக்கி நடும் பழக்கத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தச் சிறுநீர்க் கதையையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆக்சின் கையில் கிடைத்ததும் அதைக் குச்சியின் அடியில் தடவிப் பார்க்கும் யோசனை வரத் தாமதமாகவில்லை. 1935-இல் நியூயார்க் அருகே பாய்ஸ் தாம்சன் நிறுவனத்தில் சிம்மர்மேனும் வில்காக்சனும், இண்டோல் பியூட்டரிக் அமிலம் என்ற உறவுக்காரப் பொருள் இன்னும் நன்றாக வேர்விட வைப்பதைக் கண்டார்கள். செடிக்குள்ளும் வெளிச்சத்திலும் அது சீக்கிரம் சிதைவதில்லை என்பது அதன் பலம். நர்சரிக்காரர் ‘ஐபிஏ’ என்று சொல்லும் பொடி அதுதான். டப்பாவில் பெரும்பகுதி டால்க் மாவு. மருந்து பெரும்பாலும் 0.1 முதல் 0.8 சதவீதம்.

இயற்கை விவசாயம் பேசும் நண்பர்கள் சிலர் இதை விஷம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த அமிலம் சில செடிகளுக்குள் தானாகவே இருக்கும் பொருள். நாம் தொடும் அளவும் மிகச் சிறியது. ஆனால் மாற்று தேட நியாயமான காரணங்கள் இருக்கின்றன. செயற்கையாகச் செய்த ஐபிஏ-வை இயற்கை வேளாண்மைச் சான்று கொடுக்கும் அமைப்புகள் பொதுவாக ஏற்பதில்லை. சில பொடிகளில் பூஞ்சணக்கொல்லியும் கலந்திருக்கும், வெறுங்கையால் தொடக்கூடாது. வெயிலில் கிடந்த பழைய டப்பாவில் வீரியமும் இருக்காது. அளவு தவறினால் குச்சி கருகும். வயலில் அகன்ற இலைக் களையைக் கொல்லும் 2,4-டி மருந்தும் ஆக்சின் குடும்பத்துப் பிள்ளைதான். பத்துக் குச்சி நடும் வீட்டுக்காரருக்கு இந்தத் தலைவலி தேவையா என்பது நல்ல கேள்வி.

அடுக்களைப் பொருள்களுக்குப் போகும் முன் குச்சியின் இக்கட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வேர் இல்லை, ஆனால் இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. காய்ந்து சாவதற்குள் வேர் விட்டாக வேண்டும். அடியிலோ திறந்த காயம். அதன் வழியே பூஞ்சணமும் பாக்டீரியாவும் நுழையத் துடிக்கின்றன. அழுகிச் சாவதற்குள்ளும் வேர் விட்டாக வேண்டும். இந்த இரண்டு ஓட்டங்களிலும் முந்தினால்தான் ஆக்சின் சொல்வது காதில் விழும். நாட்டு வைத்தியமாகச் சொல்லப்படும் வேர் ஊக்கிகளில் பல, வேரை ஊக்குவதே இல்லை. அழுகலைத் தள்ளிப்போடுகின்றன.

தேன் அப்படிப்பட்டது. அதில் வேர்விட வைக்கும் சரக்கு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள ஒரு நொதி சிறிது சிறிதாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது, அது கிருமியை அடக்கும். இலவங்கப்பட்டைப் பொடி பூஞ்சணத்தை விரட்டும், அதோடு சரி. மஞ்சள்தூளும் அதே வரிசை. கற்றாழைச் சோறு கொஞ்சம் மேல். வெட்டுவாயைக் காயவிடாமல் பசைபோல மூடுகிறது, கிருமிக்கும் சற்றுத் தடை. கற்றாழையில் முக்கி நட்டால் வேர் கூடுதலாக வந்தது என்று சொல்லும் சோதனைகளும் உண்டு, வித்தியாசமே இல்லை என்பவையும் உண்டு. மடலை அறுத்ததும் வடியும் மஞ்சள் பாலை ஒழுகவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள்.

இளநீர் கதை வேறு. அதற்குள் நிஜமாகவே சரக்கு இருக்கிறது, ஆனால் முழுக்க நாம் எதிர்பார்க்கும் சரக்கு அல்ல. 1941-இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக்கும் நண்பர்களும் ஊமத்தையின் மிகச் சிறிய கருக்களைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க முயன்று, எதிலும் வளராமல், கடைசியில் தேங்காய்த் தண்ணீரை ஊற்றினார்கள். கரு வளர்ந்தது. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் குழுவினர் கேரட் திசுவை அதே தண்ணீரில் பெருக்கிக் காட்டினார்கள். தென்னங்கருவை வளர்ப்பதற்கென்று மரம் சேர்த்துவைத்த திரவம் அது. சர்க்கரை, அமினோ அமிலம், கொஞ்சம் ஆக்சின், கூடவே ஸியாட்டின் என்ற சைட்டோகைனின்.

சிக்கல் அந்தக் கடைசிப் பெயரில் இருக்கிறது. ஸ்கூக்கும் மில்லரும் 1957-இல் புகையிலைத் திசுவை வைத்து ஒரு கணக்கு போட்டார்கள். ஆக்சின் மிகுந்து சைட்டோகைனின் குறைந்தால் திசு வேராகிறது. சைட்டோகைனின் மிகுந்து ஆக்சின் குறைந்தால் தளிராகிறது. இரண்டும் சமன்பட்டால் உருவமில்லாத திசுக் கட்டியாகவே பெருகுகிறது. இன்றைக்கு ஆய்வகத்தில் வளரும் ஒவ்வொரு திசு வாழைக் கன்றும் இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது. ஆகவே இளநீரில் குச்சியை ஊறப்போடுகிறவர் வேர் வா என்றும் தளிர் வா என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். நீர்க்கக் கலந்து கொஞ்ச நேரம் முக்கினால் பலன் கிடைப்பதுண்டு. நான் ஒருமுறை ஆசைப்பட்டு, கறிவேப்பிலைக் குச்சிகளை நல்ல இளநீர் நிறைந்த டம்ளரில் இரண்டு நாள் விட்டுவைத்தேன். மூன்றாம் நாள் காலையில் டம்ளரைத் தூக்கியதும் கள்ளுக்கடை வாசனை. குச்சிகளின் அடி கொழகொழவென்று உரிந்து கையோடு வந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கிருமிகளுக்கு விருந்தாக வைத்தால் அவை வரத்தான் செய்யும். முருங்கைக் கீரைச் சாற்றிலும் சைட்டோகைனின் உண்டு. இலை தழைக்கத் தெளிப்பதற்கு அது நல்லது, வேருக்கு என்று முதலில் கை நீட்ட வேண்டியது அதை அல்ல.

வில்லோ மரத்துக்கு மேல்நாடுகளில் இருக்கும் மரியாதையையும் சொல்ல வேண்டும். நம் ஆற்றங்கரைகளில் வளரும் ஆற்றுப்பாலை அதன் சொந்தக்காரன். இளம் வில்லோக் கிளைகளை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் வேறு செடிகளின் குச்சிகளை முக்குவது அங்கே பழைய வழக்கம். ஓஹியோவில் மகோட்டோ கவாசே 1960-களில் வில்லோச் சாற்றில் வேரைத் தூண்டும் பொருள் இருப்பதைக் காட்டினார். காட்டியது எதைக் கொண்டு தெரியுமா? பச்சைப்பயறு நாற்றைக் கொண்டு. அந்தப் பயறு பிறகு வருகிறது. வில்லோ கிளைக்குள்ளும் கரும்பைப் போலவே முன்கூட்டி உருவான வேர்முனைகள் உறங்குகின்றன. எளிதில் வேர்விடும் மரத்திடமிருந்து கொஞ்சம் கடன் வாங்கி, தயங்கும் செடிக்குக் கொடுக்கும் யோசனை. எல்லாச் செடியும் அந்தக் கடனைப் பெற்றுக்கொள்வதில்லை.

இனி சாணி. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் மரம் வளர்ப்புக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. தண்டை வெட்டிச் சாணி பூசி நட வேண்டிய மரங்களென்று அதில் ஒரு பட்டியல். மாதுளையும் திராட்சையும் அதில் வருகின்றன, இன்றும் அவற்றைக் குச்சியில்தான் பெருக்குகிறோம். பலாவும் வருகிறது. பலாக் குச்சியில் வேர் வரவைக்க முயன்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பட்டியல் எப்படி இருந்தாலும், சாணியைப் பூசச் சொன்னது இந்த மண்ணில் பழைய வழக்கம் என்பதில் ஐயமில்லை.

முருங்கைப் போத்து நடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மீட்டர் நீளத்தில், மணிக்கட்டுப் பருமனில் கிளை. வெட்டியதும் உடனே நடமாட்டார்கள்; நிழலில் சாய்த்துவைத்து வெட்டுவாய் சற்று உலர்ந்த பிறகே குழியில் இறக்குவார்கள். மண்ணை அணைத்து மிதித்துவிட்டு, மேல்முனையில் பச்சைச் சாணியை உருட்டிக் கொழுக்கட்டை பிடித்ததுபோல அப்பி வைப்பார்கள். வேர் வருவது கீழே. சாணி இருப்பது மேலே. அங்கே அதன் வேலை மூடி போடுவது. வெட்டுவாய் வழியே ஈரம் ஆவியாகாது, மழைத்தண்ணீர் இறங்கிக் கட்டை அழுகாது. எது தலை என்ற அடையாளமும் கூடவே கிடைத்துவிடுகிறது. இரண்டு ரூபாய்கூடச் செலவில்லாத இந்தத் தொப்பிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அடியில் பூசும் சாணிக்கரைசல் செய்வது வேறு வேலை. மண்ணிலும் சாணியிலும் வாழும் பல பாக்டீரியாக்கள், டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை எடுத்து இண்டோல் அசிட்டிக் அமிலமாக மாற்றும் திறமை பெற்றவை. செடியின் வேர் நீண்டு கசிவு கூடினால் அவற்றுக்குச் சாப்பாடு கூடும், அதனால் இந்த உபகாரம். 2007-இல் புவனேசுவரத்தில் கிழங்குப் பயிர் ஆய்வாளர்கள் சாணியிலிருந்து பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்து, அது இந்த அமிலத்தை உண்டாக்குவதையும், அதைத் தடவிய வள்ளிக்கிழங்குத் துண்டுகள் நன்றாக முளைப்பதையும் பதிவு செய்தார்கள். நம் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பழகிய சோதனை. பாக்டீரியாக் கரைசலில் சில துளி வினைப்பொருளை விட்டால் இளஞ்சிவப்பாக நிறம் மாறும், அமிலம் இருக்கிறது என்று பொருள். அந்த வினைப்பொருளுக்கு சால்கோவ்ஸ்கி என்றே பெயர், 1885-இல் அழுகிய புரதத்தை ஆராய்ந்த அதே சால்கோவ்ஸ்கி. வேளாண்மை அலுவலகத்தில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம் பொட்டலத்துக்கும் இந்தத் திறமை உண்டு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிப்பதால் பெயர் பெற்றது அது, ஆனால் வேர் பெருக வைப்பதில் அதன் ஆக்சினுக்குப் பெரிய பங்கு.

கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். அதில் ஆக்சினும், ஜிப்ரலின் என்ற இன்னொரு தாவர ஹார்மோனும் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புளிக்கப் புளிக்க அவற்றை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் என்ற கரைசலில் கரும்புக் கரணை, மஞ்சள், இஞ்சி விதைக்கிழங்குகளை 30 நிமிடம் ஊறவைத்து நடச் சொல்வார்கள். செறிவைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. பச்சைச் சாணிக்குள் குச்சியின் அடியைப் புதைக்கவும் கூடாது. அதன் சூடும் அம்மோனியாவும் இளம் திசுவைச் சுட்டுவிடும். மக்கியதும் நீர்க்கக் கரைத்ததும்தான் அடிக்கு ஆகும்.

இந்தக் கதையின் இரண்டு இழைகள் ராமேசுவரத்தில் ஒன்று சேர்கின்றன. தீவில் தங்கச்சிமடம் பகுதி மல்லிகைப் பதியனுக்குப் பெயர் போனது. மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் மதுரைப் பக்கத் தோட்டங்களுக்குப் போகும் நாற்றில் பெரும்பங்கு இந்தக் கடற்கரை மணலில் வேர் விட்டது. மணல் தண்ணீரைத் தேங்கவிடுவதில்லை, காற்றும் உள்ளே போய்வரும். அழுகல் என்ற எதிரியை மணலே பாதி அடக்கிவிடுகிறது. கடலோரத்தின் ஈரக்காற்றும் இலை காயாமல் காக்கிறது. வேர்விடும் மருந்து எதுவும் இல்லாத காலத்திலிருந்தே அங்கே பதியன் தொழில் நடந்ததற்கு மண்ணும் காற்றும் போதுமான விளக்கம்.

பாம்பன் பாலத்தைத் தாண்டினால் மண்டபம். அங்கே கடலுக்குள் மூங்கில் தெப்பங்களில் கப்பாபைகஸ் என்ற செம்பாசியை வளர்க்கிறார்கள். அதுவும் குச்சி நடவுதான். கைப்பிடி கைப்பிடியாகக் கிள்ளி, கயிற்றில் வரிசையாகக் கட்டித் தெப்பத்தைக் கடலில் விடுகிறார்கள். சுமார் 45 நாளில் மூன்று நான்கு மடங்காகப் பெருகிவிடும். வேர் என்ற உறுப்பே அதற்கு இல்லை, உடம்பு முழுக்க உணவு உறிஞ்சும். கட்டுகிற கைகள் பெரும்பாலும் மீனவப் பெண்களுடையவை. அறுத்த பாசியை ஈரத்தோடு அரைத்து வடிகட்டினால் கிடைக்கும் சாறுதான் கடற்பாசி வளர்ச்சி ஊக்கி. மிஞ்சும் சக்கையிலிருந்து ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகும் கராஜினன் எடுக்கலாம். மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறை இது. சாற்றில் ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரலின் மூன்றும் உண்டு. மல்லிகைப் பதியன் போடும் ஊரும் அதற்கு ஊக்கி தரக்கூடிய பாசி வளரும் ஊரும் ஒரு பாலத்தின் இரண்டு கரைகளில்.

தென்னாப்பிரிக்காவில் எக்லோனியா என்ற பெரும்பாசியின் சாறு குச்சிகளை வேர்விட வைப்பதை 1990-களில் காட்டினார்கள். பிறகு கனடாவில் 2013-இல் ஒரு பழுப்புப் பாசிச் சாற்றை நுணுக்கமாக அளந்தவர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். சாற்றிலுள்ள ஹார்மோன் அளவு அவ்வளவு பலனுக்குப் போதாது, அதிலுள்ள வேறு பொருள்கள் செடியையே தன் ஹார்மோன் கணக்கை மாற்றிக்கொள்ளத் தூண்டுகின்றன என்று. மறுபடியும் குச்சிக்குள்ளேயே வந்து நிற்கிறோம்.

சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று லேபிள் ஒட்டும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கப்பாபைகஸ் இந்தக் கடலின் பாசி அல்ல, கீழ்த்திசைக் கடல்களிலிருந்து கொண்டுவந்தது. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் அது தப்பிப் போய்ப் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். துண்டு விழுந்த இடத்தில் எல்லாம் பெருகும் குணம்தான் அதை நல்ல பயிராக்கியது. பவளத்துக்கு அதே குணம் போர்வையாகி வெளிச்சத்தை மறைத்தது. பாட்டிலின் மேல் பச்சை இலைப் படம் இருந்தால் மட்டும் போதாது, சாறு எந்தக் கடலில் எப்படி வளர்ந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் சரி, எதைத்தான் தடவுவது என்று கேட்பீர்கள். என் பழக்கத்தைச் சொல்கிறேன். அதிகம் முற்றாத, அதிகம் இளசும் இல்லாத, பென்சில் பருமன் குச்சி. விடியற்காலையில் கணுவுக்குக் கீழே கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு. நுனியில் இரண்டு இலையை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குவேன்; இலை முழுக்கப் போனால் சர்க்கரையும் ஆக்சினும் வராது, முழுக்க இருந்தால் குச்சி காயும். கழுவிய மணலும் தென்னைநார்க் கழிவும் பாதிக்குப் பாதி. அடியை அசோஸ்பைரில்லக் கரைசலிலோ நீர்த்த பஞ்சகவ்யத்திலோ அரைமணி நேரம் வைத்து ஊன்றி, மேலே பாலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்துவிடுவேன். மருந்தை விட அந்தப் பைதான் அதிகம் வேலை செய்கிறது என்பது என் துணிபு. வயதான மாமரத்துக் குச்சிக்கு இதெல்லாம் பலிக்காது. முதிர்ந்த மரத்தின் செல்கள் ஆக்சின் சொல்வதைக் கேட்க மறுக்கின்றன, அதனால்தான் மாவுக்கு ஒட்டு.

என் பேச்சையும் நம்ப வேண்டாம். கவாசேக்கு உதவிய பச்சைப்பயறு உங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பிடியை முளைகட்டி ஈரமணலில் விதைத்து, முதல் ஜோடி இலை விரியும்வரை ஒரு வாரம் பத்து நாள் வளருங்கள். ஒரே உயரமுள்ள நாற்றுகளைப் பொறுக்கி, வேரை முழுவதும் வெட்டிவிட்டு, இலையோடு தண்டை மட்டும் எடுங்கள். டம்ளருக்குப் பத்துத் தண்டு. ஒன்றில் நீர்த்த இளநீர், ஒன்றில் கற்றாழைக் கரைசல், ஒன்றில் பஞ்சகவ்யம், ஒன்றில் வெறும் தண்ணீர். ஒரு நாள் கழித்து எல்லாவற்றையும் கழுவி வெறும் தண்ணீருக்கு மாற்றுங்கள். எந்த டம்ளர் எது என்ற குறிப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் வேர்களை எண்ணுங்கள். வெறும் தண்ணீர் டம்ளரை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல்முறை நான் எண்ணியபோது எனக்குப் பிடித்த மருந்தைவிட அதில்தான் வேர் அதிகம் இருந்தது.

எண்ணி முடித்ததும் அந்த நாற்றுகளைத் தூக்கிப் போட வேண்டாம். தொட்டியில் நட்டால் இரண்டு மாதம் சொச்சத்தில் காய் பறிக்கலாம்.